எல்லோர்க்கும் இட்ட தடம்

நார்வே நாட்டின் தென்கிழக்கில், அந்நாட்டின் மிகப் பெரிய ஏரியாகிய மியோசாவின் வடகோடியில், குட்பிரான்ஸ்டால் பள்ளத்தாக்கு தொடங்கும் இடத்தில் அமைந்திருக்கும் லில்லெஹாமர் என்னும் சிறுநகரம், 1994-ஆம் ஆண்டின் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் நடந்த ஊர் என்ற அளவிலேயே வெளியுலகுக்குப் பெரிதும் தெரிந்திருக்கிறது. சமயச் சிந்தனையின் வரலாற்றில் நாட்டமுடையோர்க்கு அவ்வூர் மற்றொரு வகையில் முக்கியமானது. 1030-இல் போரில் மடிந்து பின்னர் புனிதராகப் போற்றப்பட்ட ஓலாவ் மன்னரின் கல்லறையை நாடி, ஓஸ்லோவிலிருந்து டிரான்ஹைம் நகரின் நிடாரோஸ் பேராலயம்வரை ஏறத்தாழ 640 கிலோமீட்டர் செல்லும் பழைய யாத்திரைப் பாதை இவ்வூர் வழியாகவே வடக்கே ஏறுகிறது. அதே ஊரின் கிழக்கு மேட்டிலிருந்து, நூர்ட்செட்டர், ஷூஷோயன் ஆகிய மலைக்குடியிருப்புகளை இணைத்தபடி, பல நூறு கிலோமீட்டர் நீளமுள்ள பனிச்சறுக்குத் தடங்கள் உயர்நிலத்தின்மீது விரிகின்றன. முன்னது கடவுளைத் தேடிச் செல்வோர்க்காக ஏற்பட்டது; பின்னது உடலுக்கும் உள்ளத்துக்கும் தெம்பு தேடிச் செல்வோர்க்காக ஏற்பட்டது. எனினும் நூறாண்டுகளுக்கு மேலாகவே, இரண்டாம் பாதையில் செல்வோருள் பலர், தாம் அங்கே பெறுவது கோயிலில் பெறுவதற்குக் குறைந்ததன்று என்று சொல்லிவந்திருக்கின்றனர். அக்கூற்றை எவ்வளவு தூரம் ஏற்கலாம், ஏற்பதானால் அந்த வழிபாட்டுணர்வு யாரை நோக்கிச் செல்ல வேண்டும் என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

இங்குப் பேசப்படும் பனிச்சறுக்கு, கம்பிவடத்தின் துணையால் உச்சிக்குச் சென்று சரிவில் பாய்ந்திறங்கும் வகையைச் சேர்ந்ததன்று. கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங் என்று உலகெங்கும் வழங்கும் இதனை நெடுவழிப் பனிச்சறுக்கு எனலாம். நீண்டு மெலிந்த ஸ்கீ பலகைகளில் காலணியின் முன்நுனி மட்டும் பிணைக்கப்பட்டு, குதிகால் எழுந்து படியுமாறு விடப்பட்டிருக்கும். ஏற்றமோ சமதளமோ இறக்கமோ, செல்வோர் தம் கால்களின் வலிமையாலும் இரு கைகளிலும் பற்றிய ஊன்றுகோல்களாலும் மட்டுமே முன்னேற வேண்டும். தடம் என்பது இறுகிய பனியின்மீது ஒரு பலகைக்கு ஒன்றாக இணையாகப் பள்ளமிட்ட இரண்டு வரிகள். லில்லெஹாமரை அடுத்த தடங்கள் முதலில் அடர்ந்த ஊசியிலைக் காட்டினூடாக ஏறி, பின்னர் குட்டையான பிர்ச் மரங்கள் அருகிவரும் வெளியைத் தாண்டி, 1,089 மீட்டர் உயரமுள்ள நெவெல்ஃபியெல் போன்ற மொட்டைக் குன்றுகளின் பரப்பில் போய்ச் சேர்கின்றன. காற்றின் ஓசையும் பலகையின் உராய்வும் தவிர வேறெதுவும் கேளாத அந்த வெளியில் மணிக்கணக்காகச் செல்வோர்க்குத் தம் அன்றாடக் கவலைகள் நெகிழ்ந்து விலகுவதும், தம்மைவிட மிகப் பெரிதான ஒன்றின் முன் நிற்கும் உணர்வு தோன்றுவதும் மெய்யான அனுபவங்களே. அவற்றைப் பொய் என்றோ வெறும் உடற்கிளர்ச்சி என்றோ தள்ளிவிடுவது நேர்மையாகாது.

ஆயினும் நார்வேயின் திருச்சபை இவ்வனுபவத்தை நெடுங்காலம் ஐயத்தோடு நோக்கியதற்குத் தக்க காரணம் உண்டு. 1537-இல் டென்மார்க்–நார்வே அரசு மார்ட்டின் லூத்தரின் சீர்திருத்தத்தை ஏற்றபோது, புனிதர் வழிபாடும் யாத்திரையும் ஒருங்கே விலக்கப்பட்டன. இறையருள் குறிப்பிட்ட இடத்தில் தங்கியிருப்பதன்று, அறிவிக்கப்படும் இறைவார்த்தையின் வழியே எங்கும் வருவது என்பது அச்சீர்திருத்தத்தின் உயிர்நாடியான கொள்கை. மலையில் இறைவன் கூடுதலாக இருக்கிறான் என்பது, ஓலாவின் கல்லறையில் இறைவன் கூடுதலாக இருக்கிறான் என்ற பழைய நம்பிக்கை வேறு வேடத்தில் திரும்பி வருவதாகவே போதகர்களுக்குத் தோன்றியிருக்கும். 1735-ஆம் ஆண்டின் ஓய்வுநாள் ஆணை ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு வராதோர்க்குத் தண்டம் விதித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரங்கள் பெருகி, உழைப்போர்க்கு வாரத்தில் அந்த ஒரு நாளே ஓய்வாகக் கிடைத்த நிலையில், பனிச்சறுக்கும் மக்கள் பொழுதுபோக்காகப் பரவியபோது, ஒரே நாளின்மீது இரண்டு உரிமைகள் மோதின. அந்த மோதல் சமரசத்தில் முடிந்தது: சபையே தடத்தை நோக்கி நடந்தது. ஓஸ்லோவின் புகழ்பெற்ற ஹோல்மென்கொல்லன் பனிச்சறுக்குக் குன்றின் அருகே 1903-இல் ஒரு சிற்றாலயம் எழுந்தது. 1992-இல் தீக்கிரையாகி 1996-இல் மீண்டும் கட்டப்பட்ட அது இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. உயிர்த்தெழுதல் பெருவிழாக் காலத்தில் போதகர் தாமே பலகை பூட்டி மலைக்கு வந்து, பனியில் குழிபறித்து அமர்ந்த மக்களுக்குத் திருவுரை ஆற்றுவது இன்று நார்வேயில் வியப்புக்குரிய காட்சியன்று. நடைமுறையில் இத்தீர்வு அழகானதே. ஆனால் அது கொள்கை அளவில் எழுந்த வினாவைத் தீர்க்கவில்லை. வழிபாட்டின் இடத்தை மாற்றியதன்றி, தடத்தில் தோன்றும் உணர்வு எதைச் சுட்டுகிறது என்பதைச் சொல்லவில்லை.

அவ்வுணர்வுக்கு ஆதரவான மிக வலிய வாதம் ஜெர்மானிய இறையியலாளர் ஃப்ரீட்ரிக் ஷ்லையர்மாக்கரிடமிருந்து வருகிறது. சமயத்தை இகழும் கற்றோரை நோக்கி 1799-இல் அவர் வெளியிட்ட உரைகளில், சமயம் அறிவுக் கோட்பாடும் அன்று, ஒழுக்க விதியும் அன்று, அகிலத்தை நேர்படக் கண்டு உணர்தலே என்று நிறுவ முயன்றார். பிற்காலத்தில் அதனையே முற்றிலும் சார்ந்திருத்தலின் உணர்வு என்று வரையறுத்தார். மனிதன் தன் இருப்பைத் தானே உண்டாக்கிக்கொள்ளவில்லை, தன்னை விஞ்சிய ஒன்றால் ஒவ்வொரு கணமும் தாங்கப்படுகிறான் என்ற உள்ளுணர்வே இறைபற்று என்பது அதன் பொருள். மலைத்தடத்தில் செல்வோர் சொல்வது ஏறத்தாழ இதுதான். பனிக்கும் குளிருக்கும் உயரத்துக்கும் முன் தம் சிறுமையை உணர்கிறோம், அந்தச் சிறுமையில் அச்சமின்றி அமைதியே பிறக்கிறது என்கின்றனர்.

ஆனால் அவர்கள் அக்கணத்தில் எதனைச் சார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டால், விடை மலை என்பதோடு நில்லாது. தடமற்ற மலையில் நடுக்குளிர்காலத்தில் ஒருவரைக் கொண்டுபோய் நிறுத்தினால், இடுப்பளவு புதையும் பொதிபனியில் சில நூறு மீட்டர் செல்வதற்குள் அவருக்கு மூச்சு வாங்கும். பார்வை மறைக்கும் பனிக்காற்றில் திசையும் தவறும். அங்கே தோன்றும் உணர்வு பெரும்பாலும் உயிரச்சமாகவே இருக்கும். வழிபாட்டை ஒத்த அமைதி தோன்றுவது தடத்தின்மேல்தான். அந்தத் தடம் இயற்கையின் படைப்பன்று. முதல் நாள் இரவில் ஒருவர் செய்துவைத்தது.

அது செய்யப்படும் முறை அறியத்தக்கது. அகன்ற பட்டைச் சக்கரங்கள் பூண்ட கனத்த எந்திரம் ஒன்று மாலை மங்கியபின் காட்டுக்குள் நுழைகிறது. அதன் முன்புறத் தகடு காற்று குவித்த பனிமேடுகளைத் தள்ளிச் சமன்செய்கிறது. பின்புறத்தில் பற்கள் நிறைந்த உருளை ஒன்று வேகமாகச் சுழன்று, உழவர் கட்டிகளை உடைத்து மண்ணைப் பொலபொலவென்று ஆக்குவதுபோல், பனியைக் கிளறி நொறுக்குகிறது. புதிதாய் விழுந்த பனித்துகளின் மெல்லிய கிளைகள் இதில் முறிந்து, சிறிய மணிகளாகி, இடையிலிருந்த காற்று வெளியேறி, மணிகள் நெருங்கிப் படிகின்றன. அதன்மேல் கனத்த பட்டை ஒன்று இழுபட்டு மட்டம் செய்ய, அதற்கும் பின்னால் தொங்கும் இரும்புக் காலணி இரண்டு வரிகளை அழுத்தித் தடமாக்குகிறது. ஆனால் எந்திரம் கடந்துபோன கணத்தில் தடம் இன்னும் ஆகிவிடவில்லை. நொறுங்கிய மணிகள் ஒன்றையொன்று தொடும் புள்ளிகளில் நீராவி நகர்ந்து படிந்து உறைய, மணிக்கும் மணிக்கும் இடையே நுண்ணிய கழுத்துகள் வளர்ந்து, முழுப் பரப்பும் ஒரே பாளமாக இறுகுவதற்குக் குளிர்ந்த இரவின் பல மணிநேரம் வேண்டும். இவ்வாறு துகள்கள் உருகாமலே பிணைந்து இறுகும் நிகழ்வைப் பனியியலார் தனியே ஆராய்ந்து விளக்கியிருக்கின்றனர். இதனால்தான் ஓட்டுநர் பிறர் உறங்கும் வேளையில் புறப்படுகிறார். காலையில் முதலில் வருபவர் காணும் கோடுகளின் கூர்மை, ஒருவரது தூக்கமின்மையும் இரவின் குளிரும் சேர்ந்து ஈன்றது. மொட்டைக் குன்றின் மேலோ இதுவும் நிலைப்பதில்லை. காற்று எழுந்தால் ஒரு மணிநேரத்தில் தடம் தூர்ந்துவிடும், மறுபடியும் போக வேண்டும். எந்திரம் செல்லாத உயர்மலை வழிகளில், பனிமூட்டத்திலும் வழி தெரியும்படி மரக்கிளைகளைச் சீரான இடைவெளியில் நட்டுச் செல்லும் வழக்கமும் உண்டு. அதில் தன்னார்வலர்களின் பங்கு பெரிது.

ஆகவே இயற்கையே கோயில், அங்கு மனிதர் இடைப்படாமல் இறைமையைக் காண்கிறோம் என்று சொல்பவர், தம் அனுபவத்தின் பாதியை மறந்துவிட்டே அவ்வாறு சொல்கிறார். இது சிறு மறதியன்று. சார்ந்திருத்தலின் உணர்வே சமயம் என்றால், தாம் எவரைச் சார்ந்திருக்கிறோம் என்பதைத் தவறாக அறிவது அந்தச் சமயத்தின் மையத்திலேயே நேரும் பிழையாகும்.

வியப்பு என்னவென்றால், இந்த மறதிக்கான மருந்து அதே லூத்தரிடம் இருந்தது என்பதே. துறவு மடத்து வாழ்வே உயர்ந்த திருப்பணி என்ற கருத்தை மறுத்த அவர், உழவர், தாய், பணிப்பெண், நீதிபதி ஆகிய ஒவ்வொருவரின் தொழிலும் இறையழைப்பே என்றார். 1530-களின் தொடக்கத்தில் 147-ஆம் திருப்பாடலுக்கு அவர் எழுதிய விரிவுரையில் இக்கருத்து ஒரு படி மேலே செல்கிறது: இறைவன் உணவையும் காவலையும் நேரே வானிலிருந்து தர வல்லவனாயினும், மனிதரின் உழைப்பையே தன் முகமூடிகளாக அணிந்துகொண்டு, அவற்றின் பின்னே மறைந்திருந்து எல்லாவற்றையும் தருகிறான் என்பது அவர் விளக்கம். முகமூடி என்பது இங்கே ஏமாற்றுக் கருவியன்று; மறைவாக நின்று கொடுக்க விரும்பும் ஒருவன் ஏற்கும் வடிவம். இறைவன் பனியைப் பொழிவிப்பதைப் புகழும் திருப்பாடலும் இதுவே என்பது, இப்பொருளை ஆராய்வோர் கவனிக்காமல் விட முடியாத ஒற்றுமை. பனியைத் தருபவனாகவும் மனித உழைப்பின்பின் மறைந்திருப்பவனாகவும் இறைவனை ஒரே பாடலின் உரையில் வாசித்துப் பழகிய ஒரு சபைக்கு, பனித்தடத்தைப் புரிந்துகொள்ளும் சொல்வளம் நெடுங்காலமாகவே கையிருப்பில் இருந்தது. கோயிலுக்கு வராததைக் கண்டித்த போதகரும், கோயில் வேண்டாம் மலை போதும் என்ற மக்களும், இரவில் எந்திரம் ஓட்டுபவரை ஒருசேரக் காணத் தவறினர் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

நார்வேயின் சமய மறுமலர்ச்சிக்கு வித்திட்ட ஹான்ஸ் நீல்சன் ஹௌகெயின் வாழ்வும் இதற்குத் துணைநிற்கிறது. போதகர் அல்லாதார் தன்னிச்சையாகக் கூடி வழிபடுவதைக் கட்டுப்படுத்திய 1741-ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறி நாடெங்கும் நடந்து திருவுரை ஆற்றியதற்காக 1804-இல் சிறைபிடிக்கப்பட்டுப் பல்லாண்டுகள் துன்புற்ற இந்த உழவர் மகனுக்கு, வாழ்வைத் திருப்பிய ஆன்மிக அனுபவம் 1796-ஆம் ஆண்டு வசந்தத்தில் தந்தையின் வயலில் உழுதுகொண்டிருந்தபோது வாய்த்தது. திறந்த வெளியில் நிகழ்ந்தது என்பதால் இயற்கையைக் கோயிலாகக் கருதுவோர் அதனைத் தம் பக்கம் இழுக்கக்கூடும். ஆனால் அவர் அங்கு நிலக்காட்சியை நுகர்ந்துகொண்டிருக்கவில்லை, வேலை செய்துகொண்டிருந்தார்.

தடத்தின் சமயப் பொருளை உணர, அது ஓடும் நிலத்தின் உரிமையையும் நோக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டு ஜூன் 28-இல் இயற்றப்பட்ட நார்வேயின் திறந்தவெளி வாழ்வுச் சட்டம் நிலத்தை இரண்டாகப் பகுக்கிறது. காடு, மலை, சதுப்பு போன்ற பயிரிடப்படாத வெளிநிலத்தில், அது எவருடைய உடைமையாயினும், யாரும் ஆண்டு முழுவதும் நடந்து செல்லலாம். வயல், புல்வெளி போன்ற உள்நிலத்திலோ, நிலம் உறைந்திருக்கும்போதும் பனி மூடியிருக்கும்போதும் மட்டுமே செல்லலாம். ஏப்ரல் 30 முதல் அக்டோபர் 14 வரையிலான காலத்தில் அதுவும் கூடாது. வீட்டு முற்றமும் வேலியிட்ட தோட்டமும் எக்காலத்திலும் விலக்கு. அதாவது பனி விழுந்ததும் உடைமையாளரின் விலக்கும் உரிமை ஒரு பருவத்துக்கு உறங்கிவிடுகிறது. இது தாராள மனத்தால் விளைந்த சலுகை மட்டுமன்று. உடைமை என்றால் என்ன என்பதைப் பற்றிய தெளிவான கருத்து இதனுள் அடங்கியிருக்கிறது. ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக், பொதுவான உலகில் ஒருவர் தம் உழைப்பைக் கலக்கும் பகுதியே அவருக்கு உடைமையாகிறது என்று வாதிட்டார். உறைந்த வயலில் உழவரின் உழைப்பு பனிக்கடியில் பத்திரமாக இருக்கிறது. மேலே சறுக்கிச் செல்பவர் அதைத் தீண்டுவதில்லை. தீண்டாதவரைத் தடுப்பதற்கு உழவருக்கு நியாயமில்லை.

லாக்கின் கோட்பாட்டைத் தடத்தின்மீதே பொருத்திப் பார்த்தால் அது நெருக்கடிக்குள்ளாகிறது. எந்திரம் ஓட்டுபவரும் அவரை அனுப்பும் அமைப்பும் பனியில் தம் உழைப்பைக் கலந்துவிட்டனர். ஆயினும் அத்தடம் அவர்களின் உடைமையாவதில்லை. மலைக்காட்டின் திறந்த தடங்களில் வாயிற்காவலும் நுழைவுச்சீட்டும் இல்லை. நகராட்சி ஒதுக்கும் பணம், மலைவீட்டு உரிமையாளர்களின் பங்களிப்பு, செல்வோர் தாமாக முன்வந்து தரும் தொகை ஆகியவற்றால் செலவு ஈடுசெய்யப்படுகிறது. தராதவரை எவரும் நிறுத்துவதில்லை. உழைப்பு உடைமையாக மாறாமல் கொடையாகவே நிற்கும் இந்த அமைப்பு, உழைப்பிலிருந்து உரிமைக்குச் செல்லும் வழி தவிர வேறு வழி உண்டென்று காட்டுகிறது.

இனி எழும் கேள்வி நன்றியைப் பற்றியது. குறிப்பிட்ட எவரையும் கருதாமல் எல்லோர்க்கும் பொதுவாக இடப்பட்ட கொடைக்கு, அதைப் பெற்ற ஒருவர் கடன்பட்டவராவாரா? இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் உரோமச் சிந்தனையாளர் செனெக்கா, நற்கொடைகள் குறித்த தம் நூலின் ஆறாம் பகுதியில் இதே சிக்கலை எடுத்துக்கொண்டார். பேரரசர் கால் (Gaul) எனப்படும் நாட்டின் மக்கள் அனைவருக்கும் குடியுரிமை தந்தால் அவர்களுள் ஒருவர் தனியே கடன்படுகிறாரா என்பது அவர் தந்த எடுத்துக்காட்டு. தமக்கென்றே தரப்பட்ட கொடைக்குரிய கடனன்று, பொதுக்கடனில் தம் பங்கை அவர் ஏற்க வேண்டும் என்பது செனெக்காவின் விடை. கொடுத்தவர் பெயர் சொல்லி அவரை நினைக்காவிட்டாலும், அனைவரையும் நினைத்தபோது அவரையும் உட்படுத்தியே நினைத்தார் என்பது அதற்குக் காரணம். தடத்துக்கு இவ்விடை முற்றும் பொருந்துகிறது. முதல் நாள் இரவில் ஓட்டுநர் மறுநாள் வரப்போகும் எந்த முகத்தையும் நினைத்திருக்க வேண்டியதில்லை. ஏற்றம் எவ்வளவு செங்குத்தாக இருந்தால் குழந்தை ஏறும், வளைவில் தடத்தின் வரிகளை எங்கே நிறுத்தினால் வேகமாய் இறங்கும் முதியவர் விழமாட்டார் என்ற கணக்குகளில் அவர்கள் அனைவரும் இடம்பெற்றுவிடுகின்றனர்.

ஓட்டுநர் கூலி பெறுகிறாரே, கூலியோடு கடன் தீர்ந்ததன்றோ என்று மறுப்பது எளிது. செனெக்கா அதற்கும் மறுமொழி வைத்திருக்கிறார். மருத்துவருக்கும் ஆசிரியருக்கும் தரப்படும் தொகை அவர்கள் செலவிட்ட நேரத்துக்கு ஈடு. கடமைக்கு மேலே அவர்கள் காட்டிய அக்கறைக்கு ஈடன்று என்பது அவர் கருத்து. குன்றின்மேல் காற்று தடத்தைத் தூர்த்துவிட்டதைக் கண்டு, திரும்பிப் போகலாம் என்றிருக்கையில் இன்னொரு முறை ஏறிச்செல்லும் செயல் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதற்குப் பற்றுச்சீட்டு எழுத முடியாது.

இவ்விடத்தில் நார்வேயின் தலைசிறந்த மெய்யியலாளர் ஆர்னே நெஸ் அவர்களின் சிந்தனையை எதிர்கொள்ளாமல் மேலே செல்ல இயலாது. 1912-இல் பிறந்து 2009-இல் மறைந்த அவர், ஹால்லிங்ஸ்கார்வெட் மலைத்தொடரில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ட்வேர்காஸ்டைன் என்னும் சிறு மரக்குடிலை 1930-களின் இறுதியில் அமைத்து, வாழ்நாளில் பல ஆண்டுகளை அங்கே கழித்தார். 1973-இல் அவர் முன்வைத்த ஆழ்நிலைச் சூழலியல் என்ற கருத்து, இயற்கையை மனிதப் பயன் கருதிக் காப்பதோடு நில்லாமல், ஒவ்வோர் உயிர்க்கும் அதனதன் அளவிலேயே மதிப்புண்டு என்று கொள்வது. மெய்யியலாளர் ஸ்பினோசாவின் எழுத்துகளிலிருந்து கற்றதோடு, காந்தியடிகளின் அரசியல் அறத்தை ஆராய்ந்து நூல் எழுதிய அவர், எல்லா உயிரிலும் தன்னையும் தன்னில் எல்லா உயிரையும் காணும் யோகியைப் பற்றிக் கீதையின் ஆறாம் அத்தியாயம் கூறுவதைத் தம் கொள்கையின் ஊற்றுகளுள் ஒன்றாகவே எடுத்துக்கொண்டார். தன்முனைப்பு சுருங்குவதாலன்று, தான் என்னும் எல்லை விரிவதாலேயே பிற உயிரிடம் அன்பு இயல்பாகப் பெருகும் என்பது அவர் நம்பிக்கை. எனவே மலையில் கழியும் வாழ்வு, குறைந்த கருவிகளோடும் மிகுந்த தன்னம்பிக்கையோடும் அமைய வேண்டும் என்றார். எந்திரம் இட்ட தடம் அவர் விரும்பிய வாழ்வுமுறைக்கு உகந்ததன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவருடைய எளிமை மதிக்கத்தக்கது. டீசல் எரித்துத் தடமிடும் முறையின்மீது அது எழுப்பும் குற்றச்சாட்டுக்கு முழுமையான விடையும் இல்லை.

ஆனால் ஒரு குறை அவர் வழியில் தங்கிவிடுகிறது. மலையோடும் பாசியோடும் தான் ஒன்றென உணர்வது சிலருக்கு எளிதில் கைகூடுகிறது, ஏனெனில் மலை எதையும் கேட்பதில்லை. அடுத்த வீட்டாரோடும், பெயர் அறியாத ஓட்டுநரோடும், வரி செலுத்தியும் ஒருநாளும் மலைக்கு வராத பள்ளத்தாக்குத் தொழிலாளியோடும் தான் ஒன்றென உணர்வது அவ்வளவு எளிதன்று. கீதையின் அவ்வசனம் எல்லா உயிரையும் சொல்கிறதேயன்றி, மனிதர் நீங்கலாக என்று சொல்லவில்லை. காந்தியடிகளின் வாழ்வும் மனிதரிடமிருந்து மலைக்கு விலகியதன்று.

லில்லெஹாமரின் தடங்களுக்கு உள்ளூர் மரபு தரும் தோற்றக் கதை ஒன்று உண்டு. அது இவ்வாராய்ச்சிக்கு நேரடியாக உதவுகிறது. உள்நாட்டுப் போர் மூண்டிருந்த 1206-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், அரியணைக்குரிய ஹோக்கோன் என்னும் ஒன்றரை வயதுக் குழந்தையை எதிரணியினரிடமிருந்து காக்க, பிர்க்கெபைனர் என்ற கட்சியினர் லில்லெஹாமர்ப் பகுதியிலிருந்து மலையைக் கடந்து கிழக்கே எஸ்டர்டால் பள்ளத்தாக்குக்குக் கொண்டுசென்றனர். வறுமையால் கால்களில் பிர்ச் மரப்பட்டையைச் சுற்றிக்கொண்டவர்கள் என்பதால் அவர்களுக்கு அப்பெயர். பெரும்புயலில் சிக்கியபோது, பனிச்சறுக்கில் வல்லவரான தோர்ஸ்டைன் ஷெவ்லா, ஷெர்வால் ஷ்ருக்கா ஆகிய இருவர் குழந்தையுடன் முன்னே அனுப்பப்பட்டனர் என்றும், கொடுக்க வேறெதுவும் இல்லாமல் பனியை உருக்கிக் குழந்தையின் வாயில் சொட்டுவித்தனர் என்றும் அம்மன்னரின் வரலாற்றைக் கூறும் பழைய உரைநடைக் காவியம் தெரிவிக்கிறது. குழந்தை பிழைத்து, 1217-இல் அரசராகி, நெடுங்காலப் போருக்கு முடிவு கண்டது. அந்நிகழ்வின் நினைவாக 1932 முதல் ரேனா என்னும் ஊரிலிருந்து லில்லெஹாமர்வரை 54 கிலோமீட்டர் நெடுவழிப் பந்தயம் நடைபெறுகிறது. கலந்துகொள்ளும் ஒவ்வொருவரும் குறைந்தது 3.5 கிலோகிராம் எடையுள்ள முதுகுப்பையைச் சுமந்தே செல்ல வேண்டும். ஒன்றரை வயதுக் குழந்தை அதனினும் மிகக் கனக்கும். ஆகவே அப்பை ஓர் அடையாளமே. எனினும் இதனை வெற்றுச் சடங்கு என ஒதுக்கலாகாது. வேகமே குறிக்கோளான ஒரு போட்டியில், வேகத்தைக் குறைக்கும் சுமையை விதியாகவே வைத்திருப்பது, ஒருவர் பிறரால் சுமக்கப்பட்டதாலேயே இவ்வழி இருக்கிறது என்ற நினைவை ஆயிரக்கணக்கானோரின் தோள்களில் ஏற்றிவைக்கிறது.

சுமையை மறந்ததன் விளைவும் இவ்விளையாட்டின் அண்மை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. பலகையின் அடியில் பூசும் மெழுகில் ஃபுளோரின் சேர்மங்களைக் கலந்தால் ஈரப்பனியில் வழுக்கும் தன்மை வெகுவாக மிகுவதால், பல்லாண்டுகள் அவை பரவலாகப் பயன்பட்டன; அவற்றுள் பல மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்கி, உயிர்களின் உடலில் சேர்பவை. பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2023–24 பருவத்திலிருந்தே தன் போட்டிகளில் அவற்றை முழுமையாகத் தடைசெய்தது. தூய்மையின் உறைவிடம் என்று மலையைப் போற்றியவர்களின் பலகைகளே அதன் பனியில் நீங்கா நஞ்சைத் தேய்த்துவிட்டுப் போயின. கண்ணால் நுகரும் பக்தி, தான் விட்டுச்செல்வதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

நிலக்காட்சியே தடத்தின் புனிதம் என்ற கொள்கையை மிகக் கடுமையாகச் சோதிப்பது மற்றொரு மலையூரின் வழக்கம். லில்லெஹாமருக்கு மேற்கே, வால்ட்ரெஸ் பகுதியிலுள்ள பைட்டோஸ்டோலன் என்னும் ஊரில், பார்வையற்ற பாடகரான எர்லிங் ஸ்டூர்டாலின் முயற்சியால் 1964 முதல் ரிட்டர்ரென்னெட் என்னும் பனிச்சறுக்குப் பந்தயம் நடந்துவருகிறது. பார்வையற்றோரும் உடலியக்கக் குறையுடையோரும் அதில் கலந்துகொள்கின்றனர். நிற்க இயலாதோர் இருக்கை பூட்டிய பலகைகளில் அமர்ந்து கைவலிமையால் செல்கின்றனர். பார்வையற்றவருடன் துணைவர் ஒருவர் அருகிலேயே சென்று, வளைவையும் இறக்கத்தையும் முன்கூட்டிச் சொல்கிறார். மலையின் வடிவமோ பனியின் ஒளியோ அவர்க்குக் கிட்டுவதில்லை. அவரை வழிநடத்துவன இரண்டு: காதில் விழும் துணைவரின் குரல், பாதத்தின்கீழ் பலகையைத் தன் போக்கிலேயே திருப்பிக் கொண்டுசெல்லும் தடத்தின் பள்ளம். புனிதம் காட்சியில் இருக்கிறது என்பவர், இப்பயணிக்குக் கிடைப்பது குறைபட்டது என்று முடிவுகட்ட நேரும். ஷ்லையர்மாக்கர் சொன்ன சார்ந்திருத்தலை அதன் முழுப் பொருளில் எடுத்துக்கொள்பவரோ, கண்ணுடையோர் காணத் தவறுவதை இவர் ஒவ்வொரு நீட்டத்திலும் தெளிவாக அறிந்தே செல்கிறார் என்று சொல்ல வேண்டியிருக்கும். துணைவராக வருவோர்க்கு அங்கே இடப்படும் கட்டளையும் அதற்கேற்றது: அவர் தம் வேகத்தில் செல்லக் கூடாது, உடன்வருபவரின் வேகத்திலேயே செல்ல வேண்டும்.